எந்தச் சொல்லால் கேட்பது?

பீகாரின் பாங்கா மாவட்டத்தை ஒட்டியே ஜார்க்கண்டின் தும்கா மாவட்டம் கிடக்கிறது. 2000 நவம்பர் 15 வரை இரண்டும் ஒரே மாநிலம். இருபுறமும் சந்தால் மக்களின் ஊர்கள் உள்ளன. இருபுறமும் சோற்றில் ‘ரானு’ என்னும் நொதி வில்லையைக் கலந்து, சில நாள் மூடிவைத்து ‘ஹண்டியா’ எடுக்கிறார்கள். மூதாதையருக்குப் படைப்பதும் அதையே. வாரச் சந்தையில் பெண்கள் இலைத் தொன்னையில் ஊற்றி விற்பதும் அதையே. ஆனால் 2016 ஏப்ரல் முதல் பீகாரில் மது அருந்துவது குற்றம், ஜார்க்கண்டில் அன்று.

பீகார்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், கருவுற்ற பெண்ணின் வாசலில் வந்து அமரும் சமூகப் பணியாளர் ஒருவரை எண்ணிக்கொள்வோம். அவருக்கு முதல் இக்கட்டு ஒரு சொல்லிலேயே காத்திருக்கிறது. “சராப் குடிப்பதுண்டா?” என்று இந்தியில் கேட்டால் “இல்லை” என்ற விடை வரக்கூடும். அது பொய்யாக இருக்கவேண்டியதில்லை. கடையில் விற்பதும் காய்ச்சி வடித்ததுமே அவளுக்குச் சராப். ஹண்டியா வீட்டில் ஆக்குவது, வெயிலில் வேலை செய்து வந்தால் பசியாற்றுவது. பெயர் சொல்லி “ஹண்டியா குடிப்பதுண்டா?” என்று கேட்டால் உண்மை வரும். வந்த அக்கணமே அது குற்ற ஒப்புதலும் ஆகிவிடுகிறது. சரியாகக் கேட்கத் தெரிந்தவரே அவளுக்கு எதிரான சான்றையும் உருவாக்கிவிடுகிறார். வினாத்தாளை மொழிபெயர்ப்போர் இதைப் பெரும்பாலும் எண்ணிப்பார்ப்பதில்லை.

2022-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி முதன்முறை பிடிபடுவோர் 2,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம் செலுத்தி மீளலாம். தலைநகரில் இருந்து பார்த்தால் சிறு தொகை. நாற்று நட்டுக் கூலி பெறும் வீட்டில் அது பல நாள் உலை.

கருவின் பக்கத்து நியாயம் இதனால் குறைந்துவிடாது. தாய் அருந்திய மதுவால் குழந்தைக்கு நேரும் குறைபாடுகளின் தொகுதிக்கு 1973-இல் ஜோன்ஸ், ஸ்மித் என்னும் அமெரிக்க மருத்துவர்கள் பெயரிட்டனர். இவ்வளவு குடித்தால் தீங்கில்லை என்று ஓர் அளவை இன்றுவரை எவராலும் வகுக்க முடியவில்லை. எனவே அந்தப் பணியாளர் வாளாவிருக்கவும் இயலாது. அச்சுறுத்தினாலோ அவள் அடுத்த மாதம் பரிசோதனைக்கு வரமாட்டாள். இரும்புச்சத்து மாத்திரை, இரத்த அழுத்தச் சோதனை, மருத்துவமனைப் பேறு அனைத்தும் அத்துடன் போகும். மாமியாரிடம் சொல்லலாமே என்பார்கள். தொன்னையை நீட்டுபவளே மாமியாராக இருந்தால்? அன்றியும், நாள்தோறும் மிகுதியாகக் குடித்துப் பழகியவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும். அத்தகையவரை மருத்துவரிடம் அனுப்பவேண்டும், அனுப்பினால் காரணத்தை எழுதவேண்டும்.

கேட்பதற்கு முன்பே, சொல்லும் விடை எங்கே எழுதப்படும், யார் கண்ணில் படும் என்பதை அவளுக்கு அறிவித்துவிடுவதே நேர்மை. சிலர் அதைக் கேட்டபின் வாய் திறக்கமாட்டார்கள். அந்த இழப்பை ஏற்கத்தான் வேண்டும். ஏமாற்றிப் பெற்ற விடையை வைத்துக்கொண்டு அவளுக்கு எந்த உதவியும் செய்ய இயலாது.

அவள் சொல்லிவிடுகிறாள் என்றே கொள்வோம். மாலையில் பணியாளர் பதிவேட்டைத் திறக்கிறார். ‘உணவு குறித்துப் பேசப்பட்டது. அடுத்த வருகை: வியாழன்’ என்று எழுதி மூடுகிறார். வியாழனன்று அவரது விடுப்பில் வேறொருவர் செல்வாரானால், அவருக்கு அந்த வரியிலிருந்து ஒன்றும் தெரியப்போவதில்லை.