யாஸ்மின் அகமது காட்டிய மனிதர்கள்

ஈப்போ நகரில் ஓர் எளிய வீடு. சீன இளைஞன் ஒருவன் தன் தாய்க்குக் கவிதை ஒன்றை வாசித்துக் காட்டுகிறான். அதை எழுதியவர் இந்தியக் கவிஞர் தாகூர் என்று அறிந்ததும் தாய் வியக்கிறாள். வேற்று மொழி, வேற்றுப் பண்பாடு. ஆயினும் அவர் உள்ளத்தில் இருப்பதை நம்மால் உணர முடிகிறதே என்கிறாள். மகன் பேசுவது கந்தோனீஸ் மொழி. தாய் பதில் சொல்வதோ மலாய் மொழியில். அவள் பெரானாக்கான் வழிவந்தவள். இரண்டு மொழிகளில் உரையாடுகிறோம் என்ற எண்ணமே அவ்விருவருக்கும் இல்லை.

2005ஆம் ஆண்டு மலேசியத் திரையரங்குகளில் வெளிவந்த ‘செப்பெட்’ திரைப்படம் இவ்வாறு தொடங்குகிறது. அதன் இயக்குநர் யாஸ்மின் அகமது. அவர் தம் வாழ்நாளில் இயக்கிய முழுநீளப் படங்கள் ஆறே. ‘ரபுன்’, ‘செப்பெட்’, ‘குப்ரா’, ‘முக்சின்’, ‘முவாலாஃப்’, ‘டேலண்டைம்’ என்னும் அந்த ஆறு படங்களும் பல இன மக்கள் வாழும் ஒரு நாட்டின் மனத்தை அதற்கே காட்டின.

யாஸ்மின் 1958ஆம் ஆண்டு ஜோகூர் மாநிலத்தின் மூவாரில் பிறந்தார். இங்கிலாந்தின் நியூகாசல் பல்கலைக்கழகத்தில் அரசியலும் உளவியலும் பயின்றார். நாடு திரும்பியபின் விளம்பரத் துறையில் எழுத்தாளராகப் பணியாற்றினார். பெட்ரோனாஸ் நிறுவனத்திற்காக அவர் உருவாக்கிய பண்டிகைக்கால விளம்பரங்கள் மலேசியரின் நெஞ்சில் இடம்பிடித்தன. நோன்புப் பெருநாள், தீபாவளி, சீனப் புத்தாண்டு, தேசிய தினம் ஆகியவை நெருங்கும்போது, இம்முறை யாஸ்மின் என்ன சொல்லப் போகிறார் என்று மக்கள் ஆவலோடு காத்திருந்தனர். அவற்றில் பொருளை விற்கும் பேச்சு இருக்காது. மறந்துபோன தாயையோ தந்தையையோ நினைவூட்டும் ஒரு சிறு கதை இருக்கும்.

திரைப்படத்திலும் அவர் அதே எளிமையைக் கைக்கொண்டார். பல படங்களில் ஒருவர் அழுதால் கேமரா அவர் முகத்தருகே ஓடும். இசை பெருகி ஒலிக்கும். யாஸ்மினின் கேமரா பெரும்பாலும் சற்று விலகி, ஓரிடத்தில் அசையாமல் நிற்கும். சமையலறையிலும் கூடத்திலும் மனிதர்கள் வருவார்கள், போவார்கள், கேலி பேசிச் சிரிப்பார்கள். காட்சி அவசரமின்றி நீளும். பார்ப்பவர் அவ்வீட்டின் மூலையில் அமர்ந்திருக்கும் விருந்தினரைப்போல் ஆகிவிடுவார். யாரை விரும்ப வேண்டும், யாரை வெறுக்க வேண்டும் என்று கேமரா கட்டளை இடுவதில்லை. ஒருவரைப் பொறுமையாகப் பார்த்துக்கொண்டே இருந்தால் அவர் அந்நியராக இருக்க முடியாது என்ற நம்பிக்கையே அந்தப் பாணியின் அடிப்படை.

அவர் திரும்பத் திரும்பக் காட்டிய இடம் வீடு. ஓர்கெட் என்ற மலாய்ப் பெண்ணும் அவளுடைய பெற்றோரும் பல படங்களில் வருகின்றனர். அவ்வீட்டின் பணிப்பெண் காக் யாம் குடும்பத்தில் ஒருத்தியாகவே நடத்தப்படுகிறாள்; உரிமையோடு கேலியும் செய்கிறாள். பத்து வயது ஓர்கெட்டின் கதையைச் சொல்லும் ‘முக்சின்’ படத்தில் தாயும் மகளும் கொட்டும் மழையில் ஆடி மகிழ்கின்றனர். அக்கம்பக்கத்தார் அதைக் கண்டு முகம் சுளிக்கின்றனர். ஊர் என்ன சொல்லும் என்ற அச்சத்தைவிட வீட்டில் நிலவும் அன்பே பெரிது என்பதை அந்த ஒரு காட்சியே உணர்த்திவிடுகிறது. இப்படம் 2007ஆம் ஆண்டு பெர்லின் திரைப்பட விழாவின் சிறுவர் பிரிவில் பரிசு பெற்றது.

ஆனால், பாராட்டு மட்டுமே அவருக்குக் கிடைத்துவிடவில்லை. மலாய்ப் பெண்ணும் சீன இளைஞனும் அன்பு கொள்ளும் ‘செப்பெட்’ படத்தின் சில பகுதிகளைத் தணிக்கைக் குழு நீக்கச் சொன்னது. அவருடைய படங்கள் பண்பாட்டைக் கெடுக்கின்றனவா என்று தொலைக்காட்சியில் விவாதமும் நடந்தது. அதே ‘செப்பெட்’ மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த படமாகத் தேர்வு பெற்றது. தோக்கியோ அனைத்துலகத் திரைப்பட விழாவில் சிறந்த ஆசியப் படத்திற்கான விருதையும் வென்றது.

வேறு சிலர், ‘இவ்வளவு நல்ல மனிதர்கள் உண்மையில் இருப்பார்களா?’ என்று ஐயுற்றனர். அந்த ஐயத்திற்கு விடை தேடுவோர் 2009இல் வெளிவந்த ‘டேலண்டைம்’ படத்தைப் பார்க்கலாம்.

அது ஒரு பள்ளியின் திறன்போட்டியைச் சுற்றி அமைந்த கதை. போட்டியில் பாடத் தேர்வான மாணவி மெலூரை மோட்டார் சைக்கிளில் ஏற்றிச் செல்லும் பொறுப்பு, மகேஷ் என்ற தமிழ் மாணவனுக்கு வருகிறது. தான் பேசியும் அவன் பதில் பேசாததால் அவனைத் திமிர் பிடித்தவன் என்று எண்ணி மெலூர் கடிந்துகொள்கிறாள். அவன் செவித்திறன் அற்றவன் என்று பிறகுதான் அவளுக்குத் தெரியவருகிறது. அதன்பின் இருவரிடையே அன்பு மலர்கிறது.

மகேஷின் தாயோ அந்த அன்பைக் கடுமையாக எதிர்க்கிறாள். வேற்றுச் சமயத்தாரோடு எழுந்த தகராறில் தன் தம்பியைப் பறிகொடுத்தவள் அவள். அவளுடைய வீட்டில் ஒலிப்பது தமிழ்; அவளுடைய துயரமும் பொய்யன்று. யாஸ்மின் அவளைக் கொடியவளாகக் காட்டவில்லை. வெறுப்புக்குப் பின்னால் ஆறாத காயம் இருக்கக்கூடும் என்பதைக் காட்டுகிறார். அந்தக் காயத்தை ஓர் இனிய பாட்டினால் ஆற்றிவிடலாம் என்றும் அவர் சொல்லவில்லை.

அதே படத்தில் காஹோ என்னும் சீன மாணவன், தன்னைவிட அதிக மதிப்பெண் பெறும் ஹஃபிஸ் மீது பொறாமை கொள்கிறான். இறுதிப் போட்டியில், தாயை இழந்த ஹஃபிஸ் தனியாக மேடையில் அமர்ந்து பாடுகிறான். அப்போது காஹோ மேடையேறி, தன் எர்ஹு இசைக்கருவியால் அப்பாடலுக்குத் துணை சேர்க்கிறான். பாடல் முடிந்ததும் இருவரும் தழுவிக்கொள்கின்றனர். மன்னிப்பு என்ற சொல்லை எவரும் சொல்வதில்லை. சொல்ல வேண்டிய தேவையும் எழவில்லை.

சிங்கப்பூருக்காக அவர் எடுத்த விளம்பரம் ஒன்றிலும் இப்பார்வையைக் காணலாம். கணவரின் இறுதிச் சடங்கில் பேச எழும் மனைவி, அவருடைய குறட்டையைப் பற்றிப் பேசுகிறாள். வந்திருப்போர் சிரிக்கின்றனர். நோயுற்றிருந்த நாள்களில் அந்த ஒலிதான் அவர் உயிரோடு இருப்பதை உணர்த்தியது என்று அவள் கூறும்போது சிரிப்பு அடங்கிவிடுகிறது. குறைகளோடுதான் ஒருவரை நேசிக்கிறோம் என்பதே அதன் கருத்து.

2009 ஜூலை 25ஆம் நாள், தமது 51ஆவது வயதில் யாஸ்மின் காலமானார். ‘டேலண்டைம்’ அவரது கடைசிப் படமாயிற்று. ஒற்றுமையைப் பற்றி மேடையில் முழங்குவது எளிது. பக்கத்து வீட்டாரின் சிரிப்பையும் துயரத்தையும் முகம் திருப்பாமல் பார்த்திருப்பதே கடினம். யாஸ்மின் அந்தக் கடினமான வேலையைச் செய்தார். தம் படங்களைப் பார்ப்பவர்களையும் செய்ய வைத்தார்.