செவலை குரைத்தால்

பல்லடத்துப் பக்கம் எங்கள் தோட்டத்துச் சாளையில் மூன்று நாய்கள் இருக்கின்றன. மணியும் செவலையும் ஒரே வயிற்றுக் குட்டிகள். ஒரே திண்ணையில், ஒரே கம்பஞ்சோறு தின்று, ஒரே கையில் வளர்ந்தவை. மூன்றாவது, கோவில்பட்டிப் பக்கமிருந்து அண்ணன் வாங்கி வந்த சிப்பிப்பாறை, பெயர் வேங்கை.

ஒறம்பரை யார் வந்தாலும் கேட்டுக்கு வெளியே நின்றபடி, "ஏனுங்க, நாய் கடிக்குங்களா?" என்று கேட்பார்கள். மணியைப் பார்த்துத்தான் அந்தக் கேள்வி. கேட் அதிர அப்படிக் குரைப்பான். ஆனால் அவன் உடம்பை உற்றுப் பார்த்தவர்களுக்கு விஷயம் புரியும். பாரமெல்லாம் பின்னங்கால்களில் இருக்கும், காது பின்னோக்கி ஒட்டியிருக்கும், வால் இடுக்கியிருக்கும். பயத்தில் எழும் குரல் அது. "நீ போயிரு, கிட்ட வராதே" என்று கெஞ்சுகிறான். வந்தவர் உள்ளே வந்து உட்கார்ந்து, காப்பி குடித்து முடிக்கும் நேரத்தில், மெல்லப் பின்னால் போய் அவர் செருப்பை மட்டும் மோந்து பார்த்துவிட்டு வருவான்.

செவலை அந்த நேரமெல்லாம் தென்னை நிழலில் கிடப்பாள். தலையைக்கூடத் தூக்கமாட்டாள். வருகிறவரைக் கண்ணால் ஒரு முறை அளந்துகொண்டால் போதும் அவளுக்கு.

ராத்திரியில் மணி குரைத்தால் நாங்கள் திரும்பிப் படுத்துக்கொள்வோம். பக்கத்துத் தோட்டத்தில் மோட்டார் போட்டாலும் குரைப்பான், தென்னை மட்டை விழுந்தாலும் குரைப்பான். செவலை குரைத்தால் மட்டும் அப்பா டார்ச்சையும் தடியையும் எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவார். ஐப்பசி மழை நின்ற ஓர் இரவில் கட்டுத்தரைப் பக்கமிருந்து அவள் குரல் வந்தது. ஒரு குரைப்பு, சற்று நிறுத்தம், மறுபடி ஒரு குரைப்பு. போய்ப் பார்த்தால் தவிட்டுத் தொட்டியோரம் நாகம் படமெடுத்து நிற்கிறது. செவலை அதன்மேல் பாயவில்லை. கன்றுக்குட்டிக்கும் பாம்புக்கும் நடுவே, கொத்து எட்டாத தூரத்தில் நின்று, எங்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். கன்றை அவிழ்த்து அப்பால் கட்டும்வரை அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. பாம்பு தானாகக் கிளுவை வேலிக்குள் போய்விட்டது.

அதற்காக மணியைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. தார் ரோடு வரை பிள்ளைகளோடு நடந்து, பள்ளிப் பேருந்து ஏற்றிவிட்டுத் திரும்புகிறவன் அவன்தான். காய்ச்சலில் யார் படுத்தாலும் கட்டிலடியை விட்டு அசையமாட்டான். உலகத்தில் நடக்கும் அத்தனையும் முதலில் அவன் காதில்தான் விழுகிறது; அவ்வளவு மெல்லிய தோல் கொண்டவன் அதிகம் பயப்படத்தான் செய்வான்.

வேங்கையின் கதை வேறு. முயல் துரத்தும் இனமென்று ஊரெல்லாம் பேர். ஓடவிட்டால் அந்த நீண்ட காலும் ஒட்டிய வயிறும் எதற்கென்று தெரியும். ஆனால் பகலெல்லாம் ஆட்டுக்குட்டிகளுக்கு நடுவே சாய்ந்து தூங்குவதுதான் அவனுக்கு இஷ்டம்.

நாய்க்கு நாய் சுபாவம் மாறுவதை ஆராய்ந்தவர்களும் உண்டு. ரஷ்யாவில் பாவ்லோவ் தம் சோதனைக்கூடத்து நாய்கள் ஒன்றுபோல் ஒன்று இல்லாததைக் கண்டு, அவற்றை நான்கு சுபாவங்களாகப் பிரித்துப் பார்த்தார். அமெரிக்காவில் ஸ்காட், ஃபுல்லர் என்ற இருவர் ஐந்து இன நாய்களைப் பல ஆண்டுகள் வளர்த்துப் பார்த்து 1965இல் ஒரு நூல் எழுதினார்கள். பிறந்த மூன்றாம் வாரத்திலிருந்து பன்னிரண்டாம் வாரம் வரை ஒரு குட்டி யாரோடு பழகுகிறது, எதைப் பார்க்கிறது என்பது ஆயுசு முழுக்க அதனோடு வருமென்று காட்டியவர்கள் அவர்கள். 2022இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களின் விவரங்களை எடுத்துக்கொண்டது. நாய்க்கு நாய் நடத்தையில் உள்ள வித்தியாசத்தில் இனத்தால் விளக்க முடிந்தது சுமார் 9 சதவீதம்தான். சொன்ன பேச்சு கேட்குமா என்பதை இனத்தை வைத்து ஓரளவு ஊகிக்கலாமாம். சட்டென்று சீறுமா என்பதை ஏறக்குறைய ஊகிக்கவே முடியாதாம். வேங்கையைப் பார்த்துக்கொண்டிருக்கும் எனக்கு இதில் ஆச்சரியமில்லை.

திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டுக் கல். வீரனுக்குப் பக்கத்தில் அவன் நாயையும் செதுக்கி, கோவிவன் என்று அதன் பெயரையும், கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றதையும் வெட்டி வைத்திருக்கிறார்கள். என்ன இனம் என்று அந்தக் கல் சொல்லவில்லை. அந்த ஒரு நாயின் பெயரும் அது செய்த காரியமும் போதுமென்று நினைத்திருக்கிறார்கள். எனக்கு அந்த மனிதர்கள்மேல் பெரிய மரியாதை.

சுபாவம் தெரிந்து வைத்துக்கொள்வது பாசத்துக்காக மட்டுமல்ல. காங்கயம், வெள்ளகோவில், தாராபுரம் பக்கம் சில வருஷங்களாக நாய்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் குதறிப் போடுகின்றன. கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் வேலிக்குள் ஆட்டை விட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கிய சீமை இது. செத்த ஆடுகளோடு விவசாயிகள் ரோட்டில் உட்கார்ந்து நிவாரணம் கேட்கும்படி ஆகிவிட்டது. தெருநாய்கள்தான் காரணமென்கிறோம். ராத்திரியில் அவிழ்த்துவிட்ட வீட்டு நாய்களும் அதில் சேர்ந்துகொள்கின்றன என்பது என் எண்ணம். தனியே சாதுவாக இருக்கும் நாய் கூட்டத்தோடு ஓடும்போது வேறு நாய். ஆட்டுக்குட்டிமேல் தலை வைத்துத் தூங்கும் வேங்கையையும் பொழுது விழுந்தால் கம்பி வலைக்குள் விட்டுவிடுகிறோம். செவலை மட்டும் கட்டுத்தரையில் சுதந்திரமாக இருப்பாள், வேலியைத் தாண்டமாட்டாள்.

வீட்டில் ஒன்றுக்கு மேல் நாய் வைத்திருப்பவர்களிடம் எனக்குக் கேட்க இரண்டு விஷயம் உண்டு. சோறு வைக்கும்போது வட்டிலைத் தனித்தனியாக, ஒன்றையொன்று பார்க்காத இடத்தில் வையுங்கள். பயந்த நாய் பாதிச் சோற்றோடு விலகிப்போவதை நாம் கவனிப்பதே இல்லை. அடுத்த குட்டி கொண்டுவரும்போது, எட்டு வாரம் முடியும்வரை அதைத் தாயிடமும் கூடப் பிறந்தவற்றிடமும் விட்டுவைக்கச் சொல்லுங்கள். கண் திறந்த உடனே பெட்டியில் போட்டு விற்கிறவரிடம் வாங்காதீர்கள்.