பச்சையாகக் கக்கினால்

அக்கா மகனுக்குத் தொப்புளுக்கு மேலே குறுக்கே ஒரு தழும்பு. அவன் வளர வளர அதுவும் நீண்டது.

பிறந்து ஒரு வாரம்கூட ஆகாதபோது குடித்த பாலையெல்லாம் கக்கினான். மாந்தம் என்று ஆச்சி உரைமருந்துக் கல்லை எடுத்துவிட்டாள். எதிர்வீட்டு நர்ஸம்மாதான் கக்கிய துணியை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தார். "பச்சையால்லா இருக்கு. இது மாந்தம் இல்ல தம்பி, உடனே வண்டியைக் கூப்பிடுங்க" என்றார்.

பச்சை என்றால் பித்தநீர். அது குடலில் வந்து சேரும் இடத்துக்குக் கீழே அடைப்பு இருக்கலாம். சர்ஜன் காகிதத்தில் வரைந்து காட்டினார். கருவின் ஆறாம் வார வாக்கில் குடல், வயிற்றில் இடம் போதாமல் தொப்புள்கொடிக்குள் போகிறது. பத்தாம் வார வாக்கில் திரும்புகிறது. இதற்கிடையே 270 பாகை சுழன்று அகலமாக நிலைகொள்ள வேண்டும். இவனுக்குச் சுழற்சி பாதியில் நின்றதால் குடல் குறுகிய காம்பில் தொங்கி முறுக்கிக்கொண்டது. ரத்தக்குழாயும் அந்தக் காம்பில்தான் ஓடுகிறது. சில மணி நேரம் தவறினாலே குடல் அழுகத் தொடங்கிவிடும்.

பாஸ்டனில் வில்லியம் லேட் 1936இல் விவரித்த முறையில்தான் இவனைக் காப்பாற்றினார்கள். முறுக்கைக் கடிகார முள்ளுக்கு எதிராக அவிழ்த்து, இறுக்கும் பட்டைகளை வெட்டி, காம்பை அகலப்படுத்தி, சிறுகுடலை வலப்பக்கமும் பெருங்குடலை இடப்பக்கமும் வைப்பது அது.

தோழியின் மகளுக்கும் இதே குறைதான். அவளுக்குப் பள்ளி வயதில், அடிக்கடி வந்த வயிற்றுவலியில்தான் தெரிந்தது. லேப்ராஸ்கோப்பியில் முடித்தார்கள்; சிறு துளைகள் மட்டும். நெதர்லாந்தின் வான் டெர் ஸீயும் பாக்ஸும் 1995இலேயே பச்சிளங்குழந்தைக்கு இப்படிச் செய்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள். வலி குறைவு, சீக்கிரம் வீடு திரும்பலாம். ஆனால் வயிற்றைத் திறந்து செய்யும்போது உள்ளே உண்டாகும் ஒட்டுகள் குடலை ஓரளவு பிடித்து நிறுத்தும். துளைவழியில் அவை குறைவு. மறுபடி முறுக்கலாம் என்று அஞ்சும் மருத்துவர்கள் உண்டு. துவண்டுபோன சிசுவுக்கு இன்றும் பலர் வயிற்றைத் திறக்கவே விரும்புகிறார்கள். எந்த வழி என்பது மருத்துவர் முடிவு. சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்ப்பது மட்டுமே நம் கையில்.

ஆச்சி கல்லைத் தூக்கி எறியவில்லை. ஆனால் அதன்பின் யார் பிள்ளையைத் தூக்கி வந்தாலும், "என்ன நிறத்துல கக்குது?" என்றுதான் முதலில் கேட்டாள். பச்சை என்றால் மருந்து உரைக்க மாட்டாள், ஆஸ்பத்திரிக்கு விரட்டுவாள். பச்சிளங்குழந்தை இருக்கும் வீடுகளில் நானும் அதையே சொல்கிறேன்: பச்சையாகக் கக்கினால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.