அம்மாவின் அட்டை

எங்கள் டாக்டர் கிளினிக்கை மூடிவிட்டார். ஜார்ஜ்டவுனில் பழைய கடைவீடு ஒன்றின் கீழ்த்தளத்தில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தவர். வயதாகிவிட்டது, எடுத்து நடத்த ஆள் இல்லை.

மூடுவதற்கு முன் அம்மாவின் அட்டையை எங்கள் கையிலேயே கொடுத்தார். மஞ்சளேறி, ஓரம் நைந்த அட்டை. மேல் மூலையில் ‘பெனிசிலின் ஆகாது’, அடியில் சிவப்பு மையில் இரண்டு கோடு. அப்பா இறந்த வாரம் அம்மாவுக்கு ரத்த அழுத்தம் ஏறியதும் அதில் இருக்கிறது.

இப்போது அரசாங்க கிளினிக். ஒரு வெள்ளிதான், இனிப்பு நீர் மருந்தும் அதிலேயே. குறை சொல்ல மனம் வராது. ஆனால் போகும்போதெல்லாம் வேறு டாக்டர். அம்மா முதலிலிருந்து சொல்ல வேண்டும். பொறுமையாகக் கேட்ட ஒரு பெண் டாக்டர் அடுத்த முறை மாற்றலாகிப் போயிருந்தார். 2016 இறுதியிலிருந்து புது டாக்டர்கள் பெரும்பாலும் ஒப்பந்தத்தில்தான் சேர்கிறார்கள். 2021 ஜூலை 26 அன்று கறுப்பு உடையில் வெளிநடப்பு செய்தார்களே, அவர்கள்தான். வேலையே நிலையில்லாத பிள்ளைகளை ஓரிடத்தில் இருங்கள் என்று எப்படிக் கேட்பது?

எங்கள் டாக்டரைப் போன்ற தனியார் டாக்டர்களுக்கு 2006 விதிமுறை ஆலோசனைக் கட்டணத்தை 10 முதல் 35 வெள்ளி என்று வைத்தது. வாடகை ஏறியது, தாதியர் சம்பளம் ஏறியது, இது மட்டும் வருடக்கணக்காக அசையவில்லை. 2025 மே 6 அன்று புத்ராஜெயாவில் டாக்டர்கள் ஊர்வலம் போனபோது இந்தக் குமுறலும் கூடவே போனது. எங்கள் டாக்டரோ பல நாள் அம்மாவிடம் மருந்துக் காசு மட்டும் வாங்கியவர்.

அட்டையை அம்மா பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கைப்பையிலேயே வைத்திருக்கிறார். பக்கத்தில் நல்ல டாக்டர் யாராவது தெரிந்தால் சொல்லுங்கள். தமிழ் பேசுபவராக இருந்தால் அம்மாவுக்கு இன்னும் நிம்மதி.