அட்டைக் கடன்

தேவராஜ மொஹல்லாவில் வாழும் நாங்கள், தங்கையின் திருமணத்தின்போது கடன் அட்டையில் 40,000 ரூபாய் கடன்பட்டோம். மாதவட்டி 3.5 சதவீதம், வட்டி 1,400, ஜி.எஸ்.டி. 252. குறைந்தபட்சத் தொகையாகிய 2,000 கட்டியும் அசலில் கழிந்தது 348 மட்டுமே! ஆண்டுக்கு 30 சதவீதத்திற்கு மேல் வட்டி தகாதென்ற 2008-ஆம் ஆண்டுத் தீர்ப்பையும் உச்ச நீதிமன்றம் 2024-இல் தள்ளிவிட்டது.

ஆகவே, 1.5 சதவீத வட்டிக்கு வேறொரு வங்கியின் அட்டைக்கு நிலுவையை மாற்றினோம். வட்டியும் வரியும் 708 ஆயின. இரண்டு சதவீத மாற்றுக் கட்டணம் வரியுடன் 944. முதல் மாத மிச்சத்திலேயே அது ஈடாயிற்று.

ஆயினும் சலுகை ஆறு மாதமே. பழைய அட்டையை ரத்துச் செய்தோம். தீபாவளிப் புடவையையும் ஒத்திவைத்தோம். ஆறாம் மாதம் கடன் தீர்ந்த அன்று, தேவராஜ மார்க்கெட்டில் இல்லாளுக்கு மைசூர் மல்லிகை வாங்கினோம், அன்பர்களே, ரொக்கம் கொடுத்து!