கர்ணனுக்கு நூறு ரூபாய்

சித்திரை மாதம், வெள்ளி இரவு. செய்யாறு பக்கம், சித்தியின் ஊர்.

திரௌபதியம்மன் கோயிலில் பாரதம் நடக்கிறது. பகலில் வில்லிபாரதப் பிரசங்கம், ராத்திரி கூத்து. இன்றைக்குக் கர்ண மோட்சம். டிக்கெட் கிடையாது, முந்திப் பாய் விரித்தவருக்கு முன்வரிசை.

இலவசம் என்று எழுதப்போய் நிறுத்திக்கொண்டேன். வீட்டுக்கு இவ்வளவு என்று வரி போட்டுத்தான் ஊரார் கூத்தாடிகளைப் பேசி வைத்திருக்கிறார்கள். உண்மையில் ஓசியில் பார்ப்பவள் வெளியூர்க்காரி நான்தான்.

பத்தரைக்குக் களரி கட்டினார்கள். மத்தளம், தாளம், எல்லாவற்றுக்கும் மேலே முகவீணையின் கீச்சுக்குரல். கட்டியங்காரன் வந்து ஊர்ப் பெரியவர்களைக் கொஞ்சம் கிண்டல் செய்துவிட்டுப் போனதும் கர்ணன் வந்தான். இரண்டு பேர் பிடித்த திரைக்கு மேலே கிரீடத்தின் நுனி, கீழே சலங்கைக் கால்கள். உள்ளேயிருந்தே பாடினான். திரை விலகியதும் சுழன்று ஒரு கிறிக்கி அடித்தான் பாருங்கள், எதிரே இருந்த பிள்ளைகள் பின்னால் நகர்ந்தார்கள். கிரீடமும் புஜக்கட்டையும் மரம். மேலே கண்ணாடிச் சில்லுகள். தீவட்டி வெளிச்சம் தானே ஆடும். ட்யூப்லைட் ஆடாது, அதற்கும் சேர்த்து இவன் ஆடுகிறான்.

ஒரு மணி. பாதி சனம் தூக்கம். சபாவில் என்றால் கொட்டாவியை மறைத்திருப்பேன். இங்கே தூங்குவதும் கூத்துப் பார்ப்பதில் சேர்த்தி. சொன்னதையே விருத்தமாக, பாட்டாக, வசனமாகத் திரும்பச் சொல்கிறார்கள். பின்பாட்டுக்காரர்கள் அடியை வாங்கி மறுபடி பாடுகிறார்கள். கண்ணயர்ந்து எழுந்தவருக்குக் கதை ஓடிப்போயிருக்காது.

"நீ படு. பொன்னுருவி வந்தா எழுப்பறேன்" என்றாள் சித்தி. எழுப்பவும் செய்தாள். போருக்குக் கிளம்பும் கர்ணன் மனைவியிடம் விடை கேட்கிறான். பொன்னுருவி ஆண்தான், ஆனால் அந்த அழுகைக்குப் பெண்கள் முந்தானையைத் தேடினார்கள். நடுவே கட்டியங்காரன், இன்னார் பேரன் நூறு ரூபாய் அன்பளிப்பு என்று அறிவித்தான். கர்ணன் கும்பிட்டு வாங்கிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து அழுதான்.

"அவன் குடுத்தே பழக்கப்பட்டவன், இன்னிக்கு வாங்கறான் பாரு" என்றாள் சித்தி. பக்கத்துப் பாய் முழுக்கச் சிரிப்பு. அழுகையும் நிற்கவில்லை.

கர்ணன் விழும்போது கிழக்கு வெளுத்துவிட்டது.

நாளை ராத்திரி பதினெட்டாம் போர். அது விடிந்தும் முடியாது. மண்ணால் பெரிதாகச் செய்து கிடத்திய துரியோதனனிடம், படுகளத்தில், பகல் வெயிலில்தான் முடியும். சாயங்காலம் தீமிதி. திங்கட்கிழமைக்கும் லீவு சொல்லிவிட்டேன்.