மூன்றிலும் ஒரே பெயர்

ரொறன்ரோவில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது, நயாகரா நீர்வீழ்ச்சிக்கு நானே கார் ஓடிப் போகவேண்டும் என்று ஆசைப்பட்டேன். தங்கைக்குக் கார் ஓடத் தெரியாது. நானோ கணவரை இழந்தபின் வவுனியாவில் பாடசாலை வான் ஓடிப் பிள்ளைகளை வளர்த்தவள். வாடகைக்கு எடுப்போம் என்றேன்.

ஒன்ராறியோ மாகாணத்தில் மூன்று மாதத்துக்கு உட்பட்ட பயணி சொந்த நாட்டுச் சாரதி அனுமதிப்பத்திரத்துடனேயே வாகனம் ஓடலாம். அதற்கு மேல் என்றால் சர்வதேச அனுமதிப்பத்திரம் வேண்டும். அதை ஊரிலேயே எடுத்துக்கொண்டு புறப்பட வேண்டும். மூல அனுமதிப்பத்திரம் இல்லாமல் அது செல்லாது.

சட்டம் இடம் கொடுத்தும் வாடகை அலுவலகத்தில் தடுத்துவிட்டார்கள். கடவுச்சீட்டு, அனுமதிப்பத்திரம், கடனட்டை மூன்றிலும் பெயர் ஒன்றாக இருக்கவேண்டுமாம். கலியாணத்துக்கு முன் எடுத்த என் அனுமதிப்பத்திரத்தில் தகப்பனார் பெயர். மற்ற இரண்டிலும் கணவர் பெயர்.

"அக்கா, என்ர கார்ட்டைக் குடுப்பம்" என்றாள் தங்கை. ஓடுபவரின் அட்டைதான் வேண்டும் என்று அதையும் மறுத்தார்கள். பிணைப்பணம் அதில்தானே பிடிக்கிறார்கள்!

இடம்பெயர்வில் தொலைந்த விவாகச் சான்றிதழின் பிரதியைப் பிறகு பிரதேச செயலகத்தில் எடுத்திருந்தேன். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு தங்கை வீட்டுப் பெட்டிக்குள் இருந்தது. மறுநாள் அதைக் காட்டியதும் சாவி கிடைத்தது. சகோதரிகளே, உங்கள் பத்திரங்களில் பெயர் வேறுபட்டிருந்தால் ஊரில் வைத்தே திருத்துங்கள்.

கையொப்பமிடுமுன் காரைச் சுற்றி வந்து கீறல்களைப் படம் எடுத்தேன். காப்புறுதி எதற்கெல்லாம் பொருந்தும் என்பதையும் கேட்டறிந்தேன்.

அங்கே வீதியின் வலப்பக்கம் ஓடவேண்டும். முதல் அரைமணி நேரம் சமிக்ஞை போடப்போய் மழைத்துடைப்பானைத்தான் இயக்கினேன். சிவப்பு விளக்கிலும் முழுதாக நிறுத்திப் பார்த்துவிட்டு வலப்பக்கம் திரும்பலாம், தடைப்பலகை இல்லாவிட்டால்.

ஸ்காபரோவில் மஞ்சள் நிறப் பாடசாலை பஸ் ஒன்று சிவப்பு விளக்குகளை மினுக்கி நின்றது. நடுவே தடுப்பு இல்லாத வீதியில் இரு பக்க வாகனங்களும் நிற்கவேண்டும். பின்னால் வருபவர் 20 மீற்றர் தள்ளி நிற்கவேண்டும். ஒரு சிறுமி கடக்கும்வரை அத்தனை பேரும் காத்திருந்தோம். நான் வானிலிருந்து பிள்ளைகளை இறக்கும்போதெல்லாம் ஒரு கையை நீட்டி லொறிகளை மறிப்பேன். எத்தனை சாரதிகள் ஏசியிருக்கிறார்கள்!

407ஆம் இலக்க நெடுஞ்சாலையைத் தவிர்த்தோம். அங்கே பணம் கட்டும் சாவடி கிடையாது. இலக்கத்தகட்டைக் கமரா படம் பிடிக்கும். கட்டணம் வாடகை நிறுவனம் வழியாக நம் தலையில் விழும். நயாகராவுக்குப் போகச் சுமார் 130 கிலோமீற்றர். மாலையில் பெற்றோல் நிரப்பிக் காரை ஒப்படைத்தோம்.